பத்து வகுப்புக் காசை மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள்

களனிவெளி ரயில் பொரளைப் பக்கம் கோல்ஃப் மைதானத்தை ஊடறுத்துப் போகும்போதெல்லாம் ஜன்னலோரம் எட்டிப் பார்த்தவன் நான். 54 வயதில் கோல்ஃப் ஆடும் ஆசை தலைதூக்கியது. கொழும்பில் வலை கட்டிப் பயிற்சி நடத்தும் ஓர் இடத்தில் பத்து வகுப்புகளுக்கு 60,000 ரூபாவை முற்பணமாகக் கட்டினேன். பிழை அங்கேதான் தொடங்கியது.

பயிற்றுநர் என் முதுகைப் பற்றியோ முழங்காலைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கைத்தொலைபேசியில் ஓர் இளம் வீரரின் வீச்சைக் காட்டி, "இதுதான் சரி" என்றார். மட்டையைப் பின்னோக்கி ஓங்கும்போது தோள் 90 பாகை, இடுப்பு 45 பாகை திரும்ப வேண்டுமாம். இடது குதி நிலத்தை விட்டு எழவே கூடாதாம். பக்கத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கும் இதே பாடம். பெரியவர்களின் மட்டையைக் கொடுத்திருந்தார்கள்; ஓங்கும்போதெல்லாம் அதன் பிடிமுனை அவள் வயிற்றில் இடித்தது. அதையும் அவர் கவனிக்கவில்லை.

"ஜாக் நிக்லஸ் குதியைத் தூக்கித்தானே 18 மேஜர் பட்டங்கள் வென்றார்?" என்று, கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளை அத்தனை தடவை வென்ற அந்த அமெரிக்க வீரரைச் சுட்டிக் கேட்டேன்.

"அது அந்தக் காலம், அங்கிள்."

என் இடுப்பு இறுகிப்போனது. திரும்பாத இடுப்பின் வேலை கீழ்முதுகின் தலையில் விழுந்தது. அந்த எலும்புகளோ சில பாகைகளுக்கு மேல் சுழலமாட்டா. நான்காம் வகுப்புக்கு மறுநாள் காலை சப்பாத்து நாடாவைக் கட்டக்கூடக் குனிய முடியவில்லை. மீதிக் காசைக் கேட்டபோது, ரசீதின் பின்பக்கத்தில் எறும்பளவு எழுத்தில் இருந்த 'திருப்பித் தரப்படாது' என்ற வரியைக் காட்டினார்.

வலி தணிந்த பிறகு வேறொருவரிடம் ஒரே ஒரு வகுப்புக்கு மட்டும் காசு கொடுத்துப் போனேன். அவர் முதலில் மட்டையையே தொடவிடவில்லை. கதிரையில் உட்காரவைத்து, கைகளை மார்பில் கட்டச் சொல்லி, இருபுறமும் திரும்பச் சொன்னார். வலப்பக்கம் பாதிகூடத் திரும்பவில்லை. பழைய காயங்களைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு என் வலது பாதத்தைச் சற்றுப் பின்னே இழுத்து, விரல்களை வெளிப்பக்கம் திருப்பி வைத்தார். இடது குதி தாராளமாக எழட்டும் என்றார். பந்து பெரிய தூரம் போகவில்லைதான், ஆனால் நேராகப் போனது. முதுகு முனகவில்லை.

யாரிடம் போனாலும் முதல் நாள் ஒரு வகுப்புக்கு மட்டும் கட்டுங்கள். உங்கள் உடம்பைப் பற்றிக் கேட்காமல் மட்டையை நீட்டினால் திரும்பி வந்துவிடுங்கள். நான் ரசீதைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சிறுமியின் தாயாரின் கண்ணில் இது பட்டால் நல்லது.