மின்வாகனக் கனிமப் பங்குத் தொகுப்பு: இரண்டு ஆண்டுச் சந்தாவுக்குப் பின் ஒரு மதிப்பீடு

சேலம் ஐந்து ரோட்டுக்கு அருகில் ஒரு முதல் மாடியில் இயங்கும் முதலீட்டு ஆய்வு அலுவலகத்தில், மின்வாகன பேட்டரிக்கு வேண்டிய கனிமங்களை வழங்கும் கம்பெனிகளின் பங்குத் தொகுப்புக்கு 2023 ஜனவரி முதல் 2025 ஜனவரி வரை நான் சந்தாதாரராக இருந்தேன். கட்டணம் ஆண்டுக்கு 9,000 ரூபாய். அலுவலகத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் குறை அவர்களிடம் மட்டும் இருப்பதன்று, இதே வகைத் தொகுப்பை விற்கும் எவரிடமும் வாங்குமுன் கேட்டுத் தெளிய வேண்டியது என்பதே காரணம்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்வது பொருத்தமாக இருக்கும். சேலத்தின் வெள்ளைக்கல் சுரங்கம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேக்னசைட் என்ற அந்தக் கல்லைப் பொடித்து, கரைத்து, அதில் சிலிக்கா எவ்வளவு என்று அளந்து ஓய்வு பெற்றவன். கனிமம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்பிக்கையோடு உள்ளே போனதற்கு அந்தப் பழக்கமே காரணம். இரண்டாம் ஆண்டில் மனம் வருந்தியதற்கும் அதுவே காரணம்.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியின் பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அந்த எண்ணை செபியின் இணையதளத்தில் சரிபார்த்த பிறகே பணம் கட்டினேன். ஐஎன்எச் என்று தொடங்கும் எண் ஆய்வாளருடையது, ஐஎன்ஏ என்று தொடங்குவது ஆலோசகருடையது. ஆய்வாளர் எல்லாச் சந்தாதாரருக்கும் ஒரே பரிந்துரையைத் தருபவர். ஆலோசகரோ உங்கள் வயது, வருமானம், கடன், தாங்கக்கூடிய நட்டம் ஆகியவற்றை விசாரித்து உங்களுக்கென்று சொல்லக் கடமைப்பட்டவர். இவர்கள் முதல் வகை என்பதை மறைக்காமல் சொன்னார்கள். என் பணம் அவர்கள் கைக்குப் போகவே இல்லை. என் டிமேட் கணக்கில் நானே வாங்கினேன், நானே விற்றேன். தொலைபேசியில் அழைத்தால் எடுத்தார்கள். இந்த ஊரில் பங்குச் சந்தையின் பெயரால் ஏமாந்தவர்கள் பலரை அறிந்தவன் என்பதால் இவற்றைச் சாதாரணமாக நினைக்கவில்லை.

"பேட்டரி இல்லாம வண்டி ஓடாதுங்க சார், கனிமம் இல்லாம பேட்டரி இல்லைங்க" என்று அங்கிருந்த தம்பி சொன்னபோது மறுக்க எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின் ஸ்கூட்டர்கள் தயாராகி நம் நெடுஞ்சாலை வழியாகவே லாரியில் போவதை அன்றாடம் பார்த்துக்கொண்டிருந்தேன். தொகுப்பில் எட்டு இனங்கள் இருந்தன: உள்நாட்டுப் பங்குகள் ஐந்து, வெளிநாட்டுச் சுரங்கக் கம்பெனிகள் இரண்டு, அமெரிக்கச் சந்தையில் வர்த்தகமாகும் லித்தியம் ஈடிஎஃப் (பங்கு போலவே சந்தையில் வாங்கி விற்கும் நிதி) ஒன்று. உள்நாட்டுக்கு மூன்று லட்சமும் வெளிநாட்டுக்கு ஒரு லட்சமும் ஒதுக்கினேன்.

குறை எங்கே இருக்கிறது என்பதை எங்கள் வெள்ளைக்கல்லை வைத்தே விளக்க முடியும். பாறையை உடைத்தவுடன் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சிறு சுத்தியலால் ஒவ்வொரு கட்டியையும் தட்டிப் பார்ப்பார்கள். வெண்மையான கல்லின் ஊடே பழுப்பு நிறத்தில் சிலிக்கா நரம்பு ஓடினால் அந்தப் பகுதியைத் தனியே கொத்திக் கழிப்பார்கள். ஒரே பாறையிலிருந்து வந்த இரண்டு கட்டிகள் இரண்டு குவியலுக்குப் போகும், இரண்டு விலைக்கு விற்கும். பிறகு அது சூளைக்குப் போய்க் கடுஞ்சூட்டில் வெந்து, உருக்காலை உலைகளுக்கான செங்கல்லாக மாறும்போது விலை வேறு, வாங்குபவர் வேறு, லாபம் வேறு. சீனாவிலிருந்து மலிவான மேக்னசைட் இறங்கிய காலங்களில் கல்லை மட்டும் விற்றவர்கள் தவித்ததையும், சூளையும் செங்கல்லும் கையில் வைத்திருந்தவர்கள் ஓரளவு தாக்குப்பிடித்ததையும் நேரில் பார்த்திருக்கிறேன். கல் எடுப்பவர், கல்லைச் சுடுபவர், சுட்டதை வாங்கிச் செங்கல் செய்பவர் ஆகிய மூவரையும் 'மேக்னசைட் தொழில்' என்று ஒரே பெயரால் அழைத்தால் யாருக்கு எப்போது நட்டம் வரும் என்பது மறைந்துபோகும்.

இந்தத் தொகுப்பு செய்தது அதைத்தான். லித்தியத்தை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவில் தோண்டப்படும் ஸ்போடுமீன் என்ற பாறையை அரைத்துச் செறிவூட்டினால் கிடைப்பது 6 விழுக்காடு லித்தியம் ஆக்சைடு கொண்ட மாவு. ஏறத்தாழ 8 டன் மாவைச் சுத்திகரித்தால்தான் ஒரு டன் லித்தியம் கார்பனேட் கிடைக்கும். தென் அமெரிக்காவின் உப்பு ஏரிகளில் அதே பொருளை உப்புநீரை வெயிலில் வற்றவைத்து எடுக்கிறார்கள். இரண்டின் செலவும் ஒன்றன்று, ஆனால் விற்பனை விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சீனச் சந்தை. அந்தச் சந்தையில் பேட்டரித் தரக் கார்பனேட் 2022 நவம்பரில் டன்னுக்குச் சுமார் 6 லட்சம் யுவானைத் தொட்டது. 2023 டிசம்பரில் 1 லட்சம் யுவானுக்குக் கீழே இறங்கியது. நான் வாங்கியதோ 2023 ஜனவரியில், அதாவது உச்சத்தை எட்டி இரண்டே மாதம் கழித்து.

மின்வாகனங்கள் விற்காமல் போனதால் இந்த விலை விழவில்லை என்பதைத்தான் முதலீடு செய்ய நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். உலகெங்கும் 2022-இல் 1 கோடிக்கு மேல் விற்ற மின்கார்கள் 2023-இல் ஏறத்தாழ 1.4 கோடியாகவும், 2024-இல் 1.7 கோடிக்கு மேலும் பெருகின. வண்டி விற்பனை ஏற ஏறக் கல்லின் விலை சரிந்தது. விலை உச்சத்தில் இருந்தபோது ஆஸ்திரேலியாவிலும் சீனாவிலும் ஜிம்பாப்வேயிலும் தொடங்கப்பட்ட சுரங்கங்கள் ஒரே காலத்தில் சரக்கைக் கொண்டுவந்து குவித்ததே அதற்குக் காரணம். பேட்டரி செய்பவருக்கு அது ஆதாயம், தோண்டுபவருக்கு அடி. என்னிடம் விற்கப்பட்ட தொகுப்பில் இருவரும் பக்கத்துப் பக்கத்து வரிசையில், எதிரெதிர் நலன் கொண்டவர்கள் என்ற ஒரு குறிப்புகூட இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஈடிஎஃப்பிலும் அப்படியே: பெயரில் லித்தியம் இருந்தாலும் உள்ளே பேட்டரி செய்யும் கம்பெனிகளும் கார் கம்பெனிகளும் கணிசமாக இருந்தன. அதை நானே உட்கார்ந்து பட்டியலைப் படித்துத்தான் அறிந்தேன்.

கிராஃபைட் விஷயத்தில் எனக்கு ஏற்பட்டது வருத்தம் என்பதைவிடக் கோபம். ஒரு காரின் பேட்டரியில் லித்தியத்தைக் காட்டிலும் கிராஃபைட் எடையில் பல மடங்கு அதிகம் என்பது உண்மைதான். அந்த உண்மையைச் சொல்லியே உள்நாட்டுக் கிராஃபைட் கம்பெனி ஒன்றின் பங்கைத் தொகுப்பில் சேர்த்திருந்தார்கள். அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுத்துப் படித்தபோது, அதன் வருமானத்தில் மிகப் பெரும்பகுதி உருக்காலைகளின் மின்வில் உலைக்கான எலெக்ட்ரோடுகளிலிருந்து வருவது தெரிந்தது. அவை பெட்ரோலிய ஊசிக் கோக் என்ற கரிப்பொருளிலிருந்து செய்யப்படும் பெரிய தடிகள். பேட்டரியின் எதிர்மின் முனையான ஆனோடுக்கு வேண்டியதோ நுண்ணிய உருண்டைத் துகளாக்கி, 99.95 விழுக்காடு தூய்மைக்குக் கொண்டுவந்து, மேலே கரிப்பூச்சு கொடுத்த பொடி. பெயர் ஒன்று, தொழில் வேறு. எலெக்ட்ரோடு விற்பனை எஃகின் ஏற்ற இறக்கத்தோடு போகும், ஸ்கூட்டரின் ஏற்ற இறக்கத்தோடு போகாது. உருக்காலை இருக்கும் ஊரில், அந்த உலைகளை நம்பியே கல் விற்ற ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட்டது எனக்குப் பொறுக்கவில்லை. நம் மாநிலத்திலேயே சிவகங்கையில் அரசின் டாமின் நிறுவனம் கிராஃபைட் தோண்டுகிறது. தோண்டிய தாதுவுக்கும் ஆனோடுப் பொடிக்கும் இடையே எத்தனை படிகள் இருக்கின்றன என்பதை அங்கே ஒரு நாள் போய்ப் பார்த்தால் எவருக்கும் புரியும்.

2023 பிப்ரவரியில் ஜம்மு காஷ்மீரின் ரியாசியில் 59 லட்சம் டன் லித்தியம் தாது இருப்பதாகச் செய்தி வந்ததும், அலுவலகம் மிகுந்த உற்சாகத்தோடு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அது ஜி3 நிலை, அதாவது ஊகித்துக் கணக்கிட்ட வளம். தாதுவின் எடையே தவிர லித்தியத்தின் எடை அன்று. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஊகித்த வளத்தை நம்பி ஒரு லாரிகூட வாடகைக்குப் பேச மாட்டார்கள். அந்தப் பகுதிக்கான ஏலம் தகுதியான ஏலதாரர்கள் போதிய எண்ணிக்கையில் வராததால் 2024 மார்ச்சில் ரத்தானது. அதைப் பற்றிச் சுற்றறிக்கை எதுவும் வரவில்லை. நல்ல செய்தியை மட்டும் அனுப்பும் ஆய்வுக்குக் கட்டணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அரசுகளின் முடிவுகளால் வரும் ஆபத்தையும் அவர்கள் போதிய அளவு சொல்லவில்லை. உலகின் கோபால்ட்டில் ஏறத்தாழ 70 விழுக்காட்டைத் தோண்டும் காங்கோ ஜனநாயகக் குடியரசு, விலை சரிவைத் தடுக்க 2025 பிப்ரவரியில் ஏற்றுமதியையே நிறுத்திவைத்தது. இந்தோனேசியா 2020 தொடக்கத்தில் நிக்கல் தாது ஏற்றுமதிக்குத் தடை விதித்து உள்ளூரிலேயே ஆலைகளை வளர்த்தது. அங்கிருந்து வந்த மலிவு நிக்கலைத் தாங்க முடியாமல் பிஹெச்பி என்ற பெரிய சுரங்க நிறுவனம் தன் மேற்கு ஆஸ்திரேலிய நிக்கல் பிரிவை 2024-இல் நிறுத்தியது. பேட்டரி கிராஃபைட்டில் 90 விழுக்காட்டுக்கு மேல் சுத்திகரிக்கும் சீனா, 2023 டிசம்பர் முதல் ஏற்றுமதிக்கு அனுமதி பெற வேண்டும் என்றாக்கியது. இதற்கிடையில் நிக்கலும் கோபால்ட்டும் தேவைப்படாத எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி, 2024-இல் உலக மின்கார்ச் சந்தையில் ஏறத்தாழப் பாதியைப் பிடித்துவிட்டது. கனிமத்தை நம்பிப் பணம் போடுபவர் வேதியியல் மாறினால் அந்தக் கனிமமே வேண்டாததாகிவிடலாம் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

வரி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டுப் பங்கு ஒன்றே ஒன்று கையில் இருந்தாலும் வருமான வரிக் கணக்குக்கான ஐடிஆர்-1 படிவம் செல்லாது. ஐடிஆர்-2-இல் வெளிநாட்டுச் சொத்துகளுக்கான எஃப்ஏ அட்டவணையில் அதைக் காட்ட வேண்டும். அமெரிக்கப் பங்கின் ஈவுத்தொகையில் 25 விழுக்காட்டை அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். இங்கே அதைக் கழித்துக்கொள்ளத் தனிப் படிவம் (அப்போது அது 67-ஆம் படிவம்) தாக்கல் செய்ய வேண்டும். இவ்வளவையும் எனக்குச் சொன்னவர் செர்ரி ரோட்டில் இருக்கும் என் ஆடிட்டரே தவிர, அந்தப் பங்குகளைப் பரிந்துரைத்த அலுவலகம் அன்று.

கணக்கு எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். 2025 ஜனவரியில் வெளிநாட்டில் போட்ட ஒரு லட்சம் 65,000 ரூபாயை ஒட்டி நின்றது. உள்நாட்டு மூன்று லட்சம் லாபம் காட்டியது; ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் நம் சந்தை முழுவதுமே ஏறியது என்பதால், அதைக் கனிமத்தின் லாபம் என்று கணக்கெழுத என்னால் முடியவில்லை. சாதாரண நிஃப்டி குறியீட்டு நிதியில் போட்டிருந்தாலும் லாபமே வந்திருக்கும், 18,000 ரூபாய்ச் சந்தாவும் மிஞ்சியிருக்கும்.

இந்தத் துறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விலை விழுந்து கிடந்த காலத்தில்தான் சுரங்கப் பெருநிறுவனமான ரியோ டின்டோ, ஆர்க்கேடியம் லித்தியம் என்ற கம்பெனியை 670 கோடி டாலருக்கு வாங்கும் பேரத்தை 2025 மார்ச்சில் முடித்தது. தாமிரமும் இரும்பும் தோண்டி வரும் பணத்தால் லித்தியத்தின் வறட்சிக் காலத்தைத் தாண்ட ரியோ டின்டோவால் முடியும். நம் நாட்டில் நால்கோ, ஹிந்துஸ்தான் காப்பர், எம்இசிஎல் ஆகிய மூன்று பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து 2019-இல் அமைத்த காபில் நிறுவனம், 2024 ஜனவரியில் அர்ஜென்டினாவின் கட்டமார்கா மாகாணத்தில் ஐந்து உப்புநீர்ப் பகுதிகளில் ஆய்வு செய்ய ஒப்பந்தம் போட்டிருக்கிறது. ஆய்விலிருந்து உற்பத்திக்கு வரப் பதினைந்து ஆண்டுகள்கூட ஆகலாம் என்பது சுரங்கத்தில் இருந்த எவருக்கும் தெரியும். அவ்வளவு காலம் காத்திருக்கக்கூடிய இளைஞர், மொத்தச் சேமிப்பில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், பல ஆண்டுகளுக்குப் பிரித்துப் போடுவதில் தவறில்லை. ஓய்வூதியத்தில் வாழும் என்னைப் போன்றவருக்கு இந்தத் தொகுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சந்தாவைப் புதுப்பிக்காமல், காரணங்களை நான்கு பக்கக் கடிதமாக எழுதி அலுவலகத்தில் நேரில் கொடுத்தேன். ஒவ்வொரு கம்பெனிக்கும் எதிரே, அது தோண்டுகிறதா, சுத்திகரிக்கிறதா, பேட்டரிப் பொருள் செய்கிறதா, வருமானத்தில் எத்தனை பங்கு பேட்டரியிலிருந்து வருகிறது, ஒரு டன்னுக்கு அதன் செலவு என்ன என்று ஐந்து கட்டங்கள் சேர்க்கச் சொல்லியிருந்தேன். மூன்று மாதம் கழித்து அதே தம்பி புதிய அட்டவணையோடு அஸ்தம்பட்டியில் இருக்கும் என் வீட்டுக்கே வந்தார். நான்கு கட்டங்கள் நிரப்பப்பட்டிருந்தன. கிராஃபைட் கம்பெனியைத் தொகுப்பிலிருந்து நீக்கியிருந்தார்கள். உற்பத்திச் செலவுக்கான கடைசிக் கட்டம் ஆறு இனங்களுக்குக் காலியாக இருந்தது. "அடுத்த காலாண்டுக்குள்ள போட்டுடறோம்ங்க சார்" என்றார். அது நிரம்பி வரட்டும், அதன் பிறகு சந்தா பற்றிப் பேசலாம் தம்பி என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.