மைக்ரோலைஃப் வாட்ச்பிபி ஹோம்: பிரீஎக்ளாம்ப்சியா வந்த தாய்மார்களுக்கு ஏற்ற கருவியா?

கடைகளில் விற்கும் இரத்த அழுத்தக் கருவிகளில் பல, பிரீஎக்ளாம்ப்சியா (கர்ப்பகாலத்தில் வரும் உயர் இரத்த அழுத்த நோய்) வந்தவர்களுக்கு அளவைக் குறைத்தே காட்டும். இரத்தக்குழாயின் நெகிழ்வு மாறிவிடுவதுதான் காரணம். கர்ப்பிணிகளிடம் தனியே சோதிக்கப்பட்ட சில கருவிகளில் மைக்ரோலைஃப் வாட்ச்பிபி ஹோம் ஒன்று. அதற்காகவே வாங்கலாம்.

‘டயாக்’ (நோயறியும்) முறையில் 7 நாள், காலையும் மாலையும் இரண்டிரண்டு தடவை அளந்து, முதல் நாளை விட்டுச் சராசரி சொல்லும். ஆனால் குறித்த நேரத்துக்குள் அளந்தாக வேண்டும். கைக்குழந்தைக்காரிக்கு அது எங்கே நடக்கும்? எந்நேரமும் அளக்கக்கூடிய ‘யூஷுவல்’ (வழக்கமான) முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கையில் சுற்றும் பட்டையில் கவனம் தேவை. மேல்கைச் சுற்றளவு 32 செ.மீ.யைத் தாண்டினால் பெரிய பட்டை வேண்டும். சிறியது அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். 5 நிமிடம் முதுகு சாய்த்து உட்கார்ந்து, பட்டை நெஞ்சு உயரத்தில் இருக்க, பேசாமல் அளக்க வேண்டும்.

பிரசவமான 3 முதல் 6 நாளில் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலோர் வீடு திரும்பிவிட்ட நேரம் அது. 160/110 வந்தால் உடனே மருத்துவமனை. கடும் தலைவலி, கண் மங்கலும் சேர்ந்தால் சிங்கப்பூரில் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.

பத்திய நாள் முடிந்ததும் கருவியைப் பரணில் போட்டுவிடாதீர்கள். பிற்காலத்தில் இதய இரத்தக்குழாய் நோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு இவர்களுக்கு ஏறக்குறைய 2 மடங்கு, இதயச் செயலிழப்புக்கு 4 மடங்கு. சிங்கப்பூரின் நோய்த்தடுப்புத் திட்டமான ஹெல்தியர் எஸ்ஜியில் பதிவு 40 வயதில்தான். அதுவரை காத்திருக்க வேண்டாம். பாலிகிளினிக்கில் (அரசு மருந்தகத்தில்) பேறுகால விவரத்தை நீங்களே சொல்லி, ஆண்டுதோறும் அழுத்தம் பாருங்கள்; சர்க்கரை, கொழுப்புச் சோதனையும் கேளுங்கள். வீட்டுச் சராசரி 135/85ஐ எட்டினால் குறிப்பேட்டோடு போங்கள்.