எக்ஸ்பான்ஷன் வால்வு மாற்றி இரண்டரை ஆண்டு: ஒரு கல்லடி வீட்டு அனுபவம்

ஏசியின் வெளி யூனிட்டிலிருந்து வீட்டுக்குள் போகும் மெல்லிய குழாயில் வெள்ளையாகப் பனி பிடித்திருப்பதை முதலில் கண்டவர் என் மனைவி. 2021 மார்ச், காலை பத்து மணி, மட்டக்களப்புக் கல்லடி வெயில். "வீட்டுக்குள் குளிரில்லை, வெயிலில் ஐஸ் பிடிக்கிறது. இது என்ன நியாயம்?" என்று கேட்டார். அதற்குச் சரியான விடை கிடைக்க எனக்கு இரண்டு ஆண்டு பிடித்தது.

எங்களுடையது 18,000 பி.டி.யு. குளிரூட்டும் திறனுள்ள இன்வர்ட்டர் ஸ்பிளிட், ஆர் 410ஏ கேஸ், 2017இல் வாங்கியது. வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவில். இரண்டு பக்கமும் தண்ணீர் என்றால் கேட்க அழகாகத்தான் இருக்கும். படலைக் கொண்டி முதல் சைக்கிள் செயின் வரை உப்புக் காற்று தின்னாத பொருள் இங்கே கிடையாது. 2019இல் வெளி யூனிட்டின் குழாய் மூட்டு ஒன்று அரித்துக் கேஸ் கசிந்தது. ஒருவர் வந்து வெல்டிங் வைத்து, கேஸ் ஏற்றி, அரை மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போனார். கெட்டிக்காரன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த அரை மணி நேரத்தின் விலை பிறகுதான் தெரிந்தது.

பனி பிடித்ததும் வந்தவர் மீட்டரை மாட்டினார். 80 பி.எஸ்.ஐ. காட்டியது. ஆர் 410ஏ கேஸுக்கு அந்த அழுத்தம் சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 6 பாகைக் குளிர். குழாயில் பனி பிடிப்பதில் அதிசயம் இல்லை. "கேஸ் குறைந்துவிட்டது" என்று சொல்லி ஏற்றினார். கொஞ்சம் குளிர்ந்தது. மூன்று வாரத்தில் பழையபடி பனி. மீண்டும் ஏற்றினார். மூட்டுகளில் சவர்க்கார நுரை வைத்துப் பார்த்தால் ஒரு குமிழிகூட வரவில்லை. எண்ணெய்க் கசிவின் தடமும் இல்லை. கசியாத கேஸ் எப்படிக் குறையும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவன் கேட்காமல் விட்டது இன்றுவரை வெட்கமாக இருக்கிறது. கேஸ் குறைந்தாலும், உள் யூனிட்டுக்குப் போகும் கேஸை அளந்துவிடும் எக்ஸ்பான்ஷன் வால்வு அடைத்தாலும், அந்த மீட்டரில் அழுத்தம் ஒரேமாதிரித்தான் விழும். கேஸ் குறையவில்லை, வெளி யூனிட்டுக்குள்ளேயே தேங்கி, வால்வைத் தாண்ட வழியில்லாமல் நின்றது.

அடுத்து வந்தவர் வால்வுதான் பழுது என்று சரியாகக் கண்டுபிடித்தார். மருந்துதான் பிழை. "இந்த வால்வு கிடைக்காது சேர், கிடைத்தாலும் விலை. கேபிலரி போட்டுவிடலாம்" என்றார். வால்வை வெட்டி எடுத்துவிட்டு, அதன் இடத்தில் தலைமயிர் போன்ற துளையுள்ள செம்புக் குழாயைச் சுருட்டி வைத்தார். வெட்டி எடுத்த வால்வை எறியப் போனவரிடமிருந்து வாங்கி ஒரு பையில் போட்டு வைத்தேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

கேபிலரி கெட்ட பொருளல்ல. 9,000, 12,000 பி.டி.யு. பழைய சாதாரண ஸ்பிளிட்டுகளில் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது. அங்கே கம்ப்ரெசர் ஒரே வேகத்தில் ஓடும், அல்லது நிற்கும். இன்வர்ட்டர் அப்படியல்ல, அறை குளிரக் குளிர வேகத்தைக் குறைத்துக்கொண்டே வரும். படுவான்கரை வாய்க்காலில் வயலின் தேவைக்கு மதகை ஏற்றி இறக்குவார்களே, அந்த வேலையைத்தான் எக்ஸ்பான்ஷன் வால்வு செய்கிறது. கேபிலரி, மதகில்லாமல் வெட்டிவிட்ட வாய். இரவில் வேகம் குறைந்தபோது உள் யூனிட்டுக்குள் ஆவியாகி முடியாத கேஸ் திரவமாகவே திரும்பிக் கம்ப்ரெசருக்குப் போனது. வெளியே கம்ப்ரெசர் வியர்த்து வழிந்தது. கச்சான் என்ற சுடுகாற்று வீசும் ஜூலை மத்தியானங்களிலோ நேர் எதிர். முழு வேகத்தில் கேஸ் போதாமல் கம்ப்ரெசர் கொதித்து, பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்து ஓடும். மறுபடி நிற்கும்.

2022 மார்ச் முடிவில் மின்வெட்டு 13 மணி நேரம் வரை போனபோது, கேபிலரியா வால்வா என்ற கேள்விக்கே வேலையில்லாமல் போயிற்று. அதே ஆண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் ஏறின. பில்லைப் பார்த்து மனைவி ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் பயமாக இருந்தது. காத்தான்குடியிலிருந்து ஏசி திருத்தும் ஒரு நானாவை, முஸ்லிம் அண்ணன் ஒருவரை, அழைத்துவந்தேன். வீட்டுக்கு வீடு ஓடி வேலை செய்கிறவரல்ல. ஒரு வேலைக்கு ஒரு நாள் எடுக்கிறவர் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

நானா முதலில் கேட்டது, "பழைய வால்வு இருக்கிறதா சேர்?" பையை எடுத்துக் கொடுத்தேன். வால்வின் தலையில் தொப்பி போல் மாட்டும் கொயிலை, அதாவது வால்வை இயக்கும் மின்சுருளை, தனியே சோதித்தார்: ஒவ்வொரு சுற்றும் 46 ஓம் அளவில், பழுதில்லை. பிறகு ஒரு காந்த வளையத்தை வால்வின் கழுத்தில் போட்டுத் திருப்பினார். நல்ல வால்வு என்றால் உள்ளேயிருக்கும் ரோட்டர் காந்தத்தோடு சுழன்று ஊசியை மேலே தூக்கும். அசையவே இல்லை. இரும்பறுக்கும் வாளால் அறுத்துத் திறந்தோம். ஊசி முனையைச் சுற்றிக் கறுப்பாக, திரிக்கரி போல, மெல்லிய செதில்கள். விரலில் தேய்த்தால் மையாக ஒட்டியது. "வெல்டிங் வைக்கும்போது குழாய்க்குள் நைட்ரஜன் விடவில்லை. செம்பு உள்ளே கருகிச் செதிலாகிவிட்டது. கேஸும் எண்ணெயும் அதைக் கழுவிக்கொண்டு வந்து இங்கே சேர்த்திருக்கின்றன" என்றார். 2019இன் அரை மணி நேரம் என் உள்ளங்கையில் கிடந்தது.

இனி வால்வைத் தேர்ந்த கதை. ஏசி நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் பொதியில் அந்தப் பெயர் போட்ட வால்வுதான் தருவார்கள், அதற்குரிய விலையில், வாரக்கணக்கில் காத்திருக்க வைத்து. ஆனால் பெரும்பாலான ஏசி நிறுவனங்கள் வால்வைத் தாமே செய்வதில்லை. சான்ஹுவா, புஜிகோகி, சாகினோமியா போன்றவை செய்து கொடுக்கின்றன. ஆகவே தேட வேண்டியது ஏசியின் பெயரையல்ல, வால்வின் உடலில் பொறித்திருக்கும் எழுத்துகளை. எங்கள் வால்வில் உப்புப் பச்சை படிந்து ஓர் எழுத்தும் தெரியவில்லை. மனைவி வாங்கிப்போய், குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் பழப்புளி போட்டுத் தேய்த்தார். பித்தளை மின்னியது, அடிப்பக்கத்தில் 1.65 என்ற எண் எழுந்து வந்தது. துளையின் விட்டம், மில்லிமீட்டரில்.

முதலில் கேட்ட கடையில் 2.4 இருந்தது. "பெரிதுதானே சேர், நல்லதுதானே" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு கூடும்: 1.65க்கு 2.72, 2.4க்கு 5.76. இரண்டு மடங்குக்கும் மேல். மூடிய வால்வு முழுதாகத் திறக்க 500 மின்துடிப்புகள். ஏசியின் போர்டு "இத்தனை துடிப்பு திற" என்று மட்டுமே சொல்லும், துளை பெரிதென்று அதற்குத் தெரியாது. கேஸ் கூடி, குறைந்து, கூடி, குறைந்து அலையும். கூடும்போதெல்லாம் கம்ப்ரெசருக்குத் திரவம் போகும். வேண்டாம் என்றேன்.

இன்னொரு இடத்தில் துளை சரியான வால்வு கிடைத்தது, ஆனால் ஆர் 22 கேஸுக்குரியது. 45 பாகையில் ஆர் 22 ஏறத்தாழ 16 பார் அழுத்தத்தில் இருக்கும்போது ஆர் 410ஏ 26 பாரில் இருக்கும். அந்த வால்வை மாட்டுவது சாதாரணக் குழாய்ப் பைப்பில் தீயணைப்பு நீரை விடுவது போன்றது. ஆர் 32 ஏசி வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அதன் அழுத்தமும் ஆர் 410ஏ அளவுதான். உடைத்த ஏசியிலிருந்து எடுத்த பழைய வால்வையும் ஒருவர் தந்தார், பாதி விலையில். யார் எப்படி வெல்டிங் வைத்த ஏசியோ, அதற்குள் எத்தனை கருப்புச் செதிலோ!

கடைசியில் கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வந்தது: 1.65, ஆர் 410ஏ, 12 வோல்ட் கொயில், ஆறு கம்பி இணைப்பி, இரண்டு பக்கமும் கால் அங்குலக் குழாய். நிறுவனத்தின் பொதியில் வருவதற்குச் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்கு. பழைய கொயில் நன்றாக இருந்தும் புதிய கொயிலையும் சேர்த்தே வாங்கினேன். ஐந்து கம்பி, ஆறு கம்பி என்று இணைப்பிகள் வேறுபடும். பார்சலைப் பிரித்ததும் நான் முதலில் எண்ணியது கம்பிகளைத்தான்.

பொருத்திய நாளை நினைத்தால் வால்வைவிட மற்ற வேலைகள்தான் ஞாபகம் வருகின்றன. ஏசியிலிருந்த கேஸை நானா சிலிண்டரில் இறக்கித் தராசில் வைத்தார்: 1.6 கிலோ. வெளி யூனிட்டின் தகட்டில் எழுதியிருப்பது 1.25. கேபிலரிக்காரர் கைக்கணக்கில் ஏற்றியிருக்கிறார். பிறகு குழாய்களைக் கழுவி, ஈரத்தை உறிஞ்சும் புதிய டிரையர் வைத்து, வால்வின் உடலில் நனைத்த சாக்குத் துணியைச் சுற்றி, நைட்ரஜனை மெல்லக் கசியவிட்டபடியே வெல்டிங் வைத்தார். துணி ஆவி பறந்தது. வால்வு கைபொறுக்கும் சூட்டிலேயே இருந்தது. குழாய்க்குள்ளிருக்கும் காற்றை பம்பால் உறிஞ்சி வாக்கியூம் போடுமுன் அந்தக் காந்த வளையத்தால் வால்வைத் திறந்துவிட்டார், இல்லாவிட்டால் மூடிய வால்வின் ஒரு பக்கத்துக் காற்று சரியாக வெளியேறாது. உள்ளே மிஞ்சும் அழுத்தம் 500 மைக்ரோனுக்குக் கீழே இறங்கும்வரை பம்ப் ஓடியது. அதுவரை சாப்பிடக்கூட வரவில்லை. கேஸ் ஏற்றியது சிலிண்டரைத் தலைகீழாக வைத்து, திரவமாக, 1.25 கிலோ அளந்து. ஆர் 410ஏ இரண்டு கேஸ்களின் கலவை, ஆவியாக ஏற்றினால் கலவை பிசகும்.

சுவிட்சைப் போட்டதும் வெளி யூனிட்டிலிருந்து டிக் டிக் டிக் என்று சில விநாடி சத்தம். பயந்துவிட்டேன். வால்வு தன்னை முழுதாக மூடிக்கொண்டு சுழியம் எங்கே என்று பார்க்கிறது, இந்த வகை வால்வுள்ள எல்லா ஏசியிலும் உண்டு என்றார் நானா. ஓடி நிலைத்ததும் 119 பி.எஸ்.ஐ., அதாவது ஏறத்தாழ 5 பாகை. தடித்த குழாய் 10 பாகை. இடையில் 5 பாகை வித்தியாசம்: கேஸ் முழுதாக ஆவியாகித்தான் கம்ப்ரெசருக்குத் திரும்புகிறது. அதைப் பார்த்துத்தான் நானா முதன்முறையாகச் சிரித்தார்.

இதுவரை இரண்டரை ஆண்டு. மூன்று கச்சான் காலத்திலும் ஒருமுறைகூட மத்தியானத்தில் நிற்கவில்லை. இரவில் அறை குளிர்ந்தபின் மின்னோட்டம் 2 அம்பியருக்கு இறங்குகிறது. கேபிலரி காலத்தில் 5க்குக் கீழே நான் பார்த்ததில்லை. கட்டணம் மாறிக்கொண்டே இருப்பதால் ரூபாவை ஒப்பிட்டுப் பயனில்லை, மின் யூனிட்டைத்தான் பார்க்கிறேன்.

குறையே இல்லையா என்றால் உண்டு. பழைய வால்வைவிட இதன் சத்தம் கூட. படுக்கும்போது ஜன்னல் திறந்திருந்தால் உஸ் என்று கேட்கும். பதினாலாம் மாதத்தில் ஒருநாள் குளிர் நின்றது. திறந்து பார்த்தால் அதிர்வில் கொயில் வால்விலிருந்து அரை அங்குலம் மேலே எழும்பியிருந்தது. கிளிப்பில் அமரும்வரை அழுத்தியதும் சரியாகிவிட்டது; இப்போது பிளாஸ்டிக் பட்டியால் கட்டி வைத்திருக்கிறேன். மாரிமழை முடிந்து பார்த்தபோது இணைப்பியின் முனையிலும் பச்சை பூத்திருந்தது. துடைத்து கிரீஸ் பூசினேன். மாதம் ஒருமுறை வெளி யூனிட்டை நன்னீரால் கழுவுகிறேன், மின்சாரத்தை நிறுத்திவிட்டு.

போன கிழமை பக்கத்து வீட்டு ஏசியில் கேஸ் கசிவு. வெல்டிங் வைக்க வந்த தம்பி டோர்ச்சைப் பற்றவைக்கும் சத்தம் மதிலுக்கு மேலால் கேட்டது. மேசை லாச்சியிலிருந்து அறுத்த வால்வை எடுத்துக்கொண்டு போய், "தம்பி, நைட்ரஜன் கொண்டு வந்தீர்களா?" என்று கேட்டேன். வால்வை வாங்கி ஊசி முனையை விரலால் தேய்த்துப் பார்த்தார். கறுத்த விரலைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, டோர்ச்சை அணைத்துவிட்டு, சிலிண்டர் எடுத்துவர மோட்டார் சைக்கிளில் புறப்பட்டார்.