மீன் குழம்புக்கு எந்தச் சட்டி?

காசிமேட்டிலிருந்து சங்கரா வாங்கி வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தண்டையார்பேட்டை வீட்டில் ஒரு சண்டை நிச்சயம். பெரியம்மா ஈயச்சட்டியை விடமாட்டார். "நாப்பது வருஷமா இதுலதான் ஆக்குறேன், எனக்கு இன்னா ஆயிடுச்சு?" நான் மண்சட்டிக் கட்சி. தங்கை எவர்சில்வர். பக்கத்து வீட்டு அக்கா இரும்புச்சட்டிக்கு வக்காலத்து வாங்குவார்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். எங்கள் பக்கம் ஈயச்சட்டி என்றால் அது அலுமினியம். 'ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவி வந்தவர் வாங்கிப்போனதில் பாதி அதுதான். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். காரீயம் வேறு, மூன்றில் நிஜமான விஷம் அது. பழைய உலோகக் கழிவை உருக்கி வார்த்த மலிவான அலுமினியப் பாத்திரத்தில் காரீயமும் கலந்திருக்கலாம். பெயர் தெரியாத வார்ப்புச் சட்டியை நான் தொடவே மாட்டேன்.

சரி, நல்ல அலுமினியச் சட்டி? அதைக் காப்பது மேலே தானாகப் படியும் ஆக்ஸைடு படலம்; சில நானோமீட்டர் தடிமன்தான். சோறு வடித்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. புளியும் தக்காளியும் உப்பும் சேர்ந்து கொதித்தால் கரைய ஆரம்பிக்கும். போதாததற்கு, மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்று ராத்திரி முழுக்க அதே சட்டியில் விட்டுவைப்போம். காலையில் சட்டியின் உள்பக்கம் பளிச்சென்று இருக்கும். தேய்க்கிற வேலை மிச்சம் என்று பெரியம்மாவுக்குச் சந்தோஷம். அந்த அழுக்கும் படலமும் போனது குழம்புக்குள்.

உள்ளே போனதில் குடல் உறிஞ்சுவது ஆயிரத்தில் ஒன்றிலிருந்து மூன்று பங்குதான். அதிலும் பெரும்பகுதியைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். மீதி எலும்பிலும், கொஞ்சம் மூளையிலும் தங்கும். உடம்புக்கு அலுமினியத்தால் ஒரு வேலையும் இருப்பதாகத் தெரியவில்லை.

இரும்புச்சட்டியின் கதை இங்கேதான் குறுக்கே வருகிறது. செல்லுக்குள் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்கிறார்களே, அதாவது ஆக்ஸிஜனிலிருந்து பிறக்கும் வீரியமான துகள்கள் செல்லைச் சிதைப்பது, அதில் முக்கியக் குற்றவாளி இரும்பு. இரும்பும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் சேர்ந்தால் நடக்கும் வினையை வேதியியலாளர் ஃபென்டன் 1894-லேயே எழுதிவிட்டார். அதில் பிறக்கும் ஹைட்ராக்ஸில் ரேடிக்கல் கொழுப்பு, புரதம், டிஎன்ஏ எதையும் விடாது. அலுமினியத்தால் இதைத் தனியாகச் செய்ய முடியாது. இந்த வினைக்கு இரும்பு மாதிரி மின்னேற்றம் மாற வேண்டும்; அலுமினியத்தின் மின்னேற்றம் மாறுவதே இல்லை. ஆனால் சூப்பராக்ஸைடு என்ற இன்னொரு ஆக்ஸிஜன் துகளோடு ஒட்டிக்கொண்டு அதன் வீரியத்தைக் கூட்டும், இரும்பைத் திரும்பத் திரும்ப வினைக்குத் தயாராக்கும். கத்தி இரும்பு என்றால், சாணை பிடிப்பது அலுமினியம்.

அதற்காக இரும்புச்சட்டியை ஒதுக்க வேண்டியதில்லை. இரும்பு உடம்புக்குத் தேவை. குடல் அளவு பார்த்து எடுக்கும், ஃபெரிட்டின் என்ற புரதம் அதைப் பூட்டி வைக்கும். ரத்தசோகை இருப்பவர்களுக்கு அந்தச் சட்டியில் வைத்த கீரையும் பொரியலும் நல்லதுதான். உடம்பில் இரும்பு அதிகம் சேரக்கூடிய தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்க வேண்டும். ஆனால் புளிக்குழம்பு அதில் கறுத்து, துருவாடை அடிக்கும். மீனைக் கெடுக்க வேறு வழி வேண்டாம்.

எவர்சில்வர்: நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களைத் தவிர யாருக்கும் கவலையில்லை. அடிப்பிடிக்கும், அவ்வளவுதான்.

மண்சட்டியைப் பற்றி ஒரு வேடிக்கை: களிமண்ணே அலுமினியம் சிலிக்கேட்தான். சூளையில் வெந்தபிறகு அது சிலிக்காவோடு இறுகிக் கிடக்கும். பளபளக்கும் வண்ணப்பூச்சு இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். பூச்சில் காரீயம் இருக்கலாம். குழம்புக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

கணக்கு ஒன்று பார்ப்போம். உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 2 மில்லிகிராம் அலுமினியம் வரை தாங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பான எஃப்ஏஓவும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2011-இல் சொன்னது. 60 கிலோ ஆளுக்கு 120 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008-இல் சொன்னது அதில் பாதி. பிரியாணி சாப்பிட்ட ராத்திரி பெரியப்பா குடிக்கும் நெஞ்செரிச்சல் ஜெல்லில் இருப்பது அலுமினியம் ஹைட்ராக்ஸைடு. ஒரு வேளை மருந்திலேயே நூறு மில்லிகிராம் அலுமினியத்தைத் தாண்டிவிடும். கூடவே எலுமிச்சை ஜூஸ் குடித்தால் அதிலுள்ள சிட்ரேட் அதைக் குடலுக்குள் இன்னும் இழுத்துவிடும். சட்டிக்குச் சண்டை போட்ட எங்களில் ஒருவரும் அந்தப் பாட்டிலைத் திருப்பிப் படித்ததில்லை.

அல்சைமர் நோய்க்கு அலுமினியம்தான் காரணம் என்பது இன்னும் நிரூபணமாகாத சந்தேகம். டயாலிசிஸ் நோயாளிகள் கதை அப்படியல்ல. 1970-களில், டயாலிசிஸ் தண்ணீரிலும் இதே ஹைட்ராக்ஸைடு மாத்திரையிலும் இருந்த அலுமினியம் அவர்கள் மூளையைப் பாதித்தது தெரியவந்தது. சிறுநீரகம் கைவிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கும் சேர்ந்துகொண்டே போகும்.

பெரியம்மா ஒரு சமரசத்துக்கு வந்திருக்கிறார். குண்டானில் சோறு மட்டும். குழம்பு ஈயச்சட்டியில் வைத்தாலும் இறக்கினவுடனே எவர்சில்வருக்கு மாறிவிடும். பெரியப்பாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. சர்க்கரை சிறுநீரகத்தைக் கெடுக்கும்; அதைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்து ரொம்ப நாளாகிறது. புதுச் சட்டி வாங்கப் போகுமுன் அவரை லேபுக்குக் கூட்டிப் போகிறேன்.