ரொட்டி, கட்டச்சம்பல், ட்ரம்ப் வரி

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னச் சாப்பாட்டுக் கடை இது. பெயர்ப்பலகை மழையில் வெளுத்தே போய்விட்டது. ரொட்டியும் கட்டச்சம்பலும்தான் விசேஷம். ரொட்டி ஓரம் முறுகி இருக்கும், நடுவில் தேங்காய்ப்பூ பல்லில் தட்டும். சம்பலில் தேசிக்காய்ப் புளி அளவாக நிற்கும். பிளேன்டீதான் சுமார். கொழுந்து பறிக்கிற ஊரில் இப்படி ஒரு சாயமா என்று எனக்குக் கோபம் வரும்.

ஆனாலும் நான் போவது பேச்சுக்காக. 2025 ஏப்ரல் 2ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் இலங்கையிலிருந்து அங்கே போகும் பொருட்களுக்கு 44 சதவீத வரி என்று அறிவித்தார். மறுநாள் முதலாளி அண்ணன் ரொட்டியைப் புரட்டாமல் கருகவிட்டார். அவருடைய மகள் கட்டுநாயக்கவில், அமெரிக்காவுக்கு உடுப்பு அனுப்பும் கார்மென்டில் தைக்கிறாள்.

"அங்க பாராளுமன்றம் கேக்காதா தம்பி?" என்றார்.

வரி போடும் அதிகாரம் அரசியலமைப்புப்படி காங்கிரஸ் என்கிற அந்தப் பாராளுமன்றத்துக்குத்தான், இவர் 1977ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டம் ஒன்றைக் காட்டிக் கையெழுத்து வைத்துவிட்டார் என்றேன்.

"அப்ப நம்ம ஜனாதிபதிமார் கதைதான்."

1978 முதல், ஆட்சி அதிகாரம் ஜனாதிபதி கையில் குவிந்திருக்கும் நிறைவேற்று ஜனாதிபதி முறையோடு குடித்தனம் பண்ணுகிறவர்களுக்கு வேறென்ன தோன்றும்? எனக்கும் அதேதான். அவசரம் என்று சொல்லி எடுத்த அதிகாரத்தை யார் லேசில் திருப்பி வைக்கிறார்கள்? ஆகஸ்டில் வரி 20 சதவீதமாக இறங்கியபோது அண்ணன் எனக்கு ஒரு வடை சும்மா வைத்தார். உளுந்து வடை, நல்ல சூடு.

காலை எட்டு மணிக்கு முன்னால் போங்கள், அப்புறம் சம்பல் கிடைக்காது. கை கழுவுமிடத்தில் சோப்பு இருக்காது.