பி12 குறைவா, ஃபோலேட் குறைவா?

ஹீமோகுளோபின் குறைந்து, எம்சிவி (ரத்தச் சிவப்பணுவின் சராசரி அளவு) 100-ஐத் தாண்டியிருந்தால் முதல் சந்தேகம் பி12, ஃபோலேட் என்ற இந்த இரண்டு வைட்டமின்களின் குறைவு மேல்தான். இரண்டிலும் சிவப்பணு ஊதிப் பெருத்திருக்கும். மைக்ராஸ்கோப்பை வைத்து இதுவா அதுவா என்று சொல்ல முடியாது.

உடம்பில் ஃபோலேட் இருப்பு சில மாதங்களில் தீர்ந்துவிடும். பி12 சில வருடம் தாக்குப்பிடிக்கும். பால்கூடத் தொடாத சைவர்களுக்கும் குறைவு மெதுவாகத்தான் தெரியவரும். பாதத்தில் மதமதப்பு, நடையில் தள்ளாட்டம் என்றால் பி12 பக்கம் பாருங்கள்.

பி12 அளவு இரண்டுங்கெட்டானாக வந்தால்? ரத்தத்தில் மெத்தில்மலோனிக் அமிலம் என்ற பொருளின் அளவைப் பார்க்கும் பரிசோதனை. பி12 குறைவில் அது ஏறும், ஃபோலேட் குறைவில் ஏறாது. ரத்தத்தில் உள்ள இன்னொரு பொருளான ஹோமோசிஸ்டீனோ இரண்டிலும் ஏறித் தொலைக்கும்.

எதையும் பார்க்காமல் ஃபோலேட்டின் மாத்திரை வடிவமான ஃபோலிக் அமிலத்தை மட்டும் போடுவதுதான் வம்பு. பி12 குறைவாக இருந்தாலும் ஹீமோகுளோபின் ஏறிவிடலாம். நரம்புச் சேதம் சத்தமில்லாமல் தொடரும்.