சளி போன பிறகும் இருமல்: வைரஸின் மிச்சமா, ஆஸ்துமாவா?

காய்ச்சல் விட்டும் இருமல் விடவில்லையா? பெரும்பாலும் அது வைரஸ் விட்டுச்சென்ற மிச்சம்தான். புண்பட்ட மூச்சுக்குழாய் ஆறும்வரை வறட்டு இருமல் 3 முதல் 8 வாரம் நீடிக்கலாம். ஆனால் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வரும்.

ஆஸ்துமா அப்படியல்ல. ஒரு நாள் ஒன்றுமே இருக்காது, மறுநாள் நெஞ்சை இறுக்கும். நள்ளிரவிலோ விடியற்காலையிலோ இருமி எழுப்பும். மாடி ஏறினாலும், சிரித்தாலும், குளிர்காற்று பட்டாலும் இழுப்பு வரும். முன்பே மூக்கு ஒவ்வாமை இருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தாலோ சந்தேகம் இன்னும் வலுக்கும்.

காதால் கேட்டு மட்டும் இரண்டையும் பிரிக்க முடியாது. மிச்ச இருமலிலும் சில நாள் விசில் சத்தம் வரும். ஸ்பைரோமெட்ரி என்னும் மூச்சுத்திறன் சோதனையில் ஊதிப் பார்த்து, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்து மீண்டும் ஊதச் சொல்வார்கள். பெரியவர்களுக்கு முதல் விநாடியில் வெளியேறும் காற்று 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூடினால், அது ஆஸ்துமா பக்கம் சாயும். சோதனை அன்று மூச்சு சீராக இருந்தால் ஆஸ்துமா இருந்தும் முடிவு இயல்பாகவே வரக்கூடும். அதை நம்பி விட்டுவிடாதீர்கள், அறிகுறி திரும்பினால் மறுபடி கேளுங்கள்.

பேச முடியாமல் மூச்சு திணறினாலோ, உதடு நீலித்தாலோ எதுவென்று யோசிக்க நேரமில்லை; உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.